வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் காவலர் பயிற்சியும்: புகார் எழுதும் மேசையில் தோற்கும் வழக்குகள்

ஒவ்வொரு வன்கொடுமைக்குப் பிறகும் ஒரு வாக்குறுதி வருகிறது. காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தார்கள், வாங்கியவர்கள் உரிய பிரிவுகளைச் சேர்க்கவில்லை, பாதிக்கப்பட்டவர்கள் மீதே எதிர் வழக்கு பதிந்தார்கள் என்ற செய்திகள் வெளியாகும். போராட்டம் நடக்கும். பதில் சொல்லியே ஆக வேண்டிய நிலை வரும்போது, 'காவலர்களுக்கு உரிய பயிற்சி அளிக்கப்படும்' என்று மேலதிகாரிகள் அறிவிப்பார்கள். இந்தப் பதிலில் ஒரு வசதி இருக்கிறது. கடமை தவறியது அறியாமையாக மாறிவிடுகிறது. அறியாமைக்கு ஒரு நாள் வகுப்பு போதும். வகுப்பு நடந்து, புகைப்படம் எடுத்து, கோப்பும் மூடப்படும்.

பயிற்சி நமக்கு வேண்டும் என்பதில் ஐயமில்லை. எந்தப் பயிற்சி, யாருக்கு, கற்ற பிறகும் செய்யாதவரை என்ன செய்வது என்ற மூன்று கேள்விகளையும் யாரும் கேட்பதில்லை என்பதே சிக்கல். வழக்கறிஞர்களாக நாங்கள் காவல் நிலையத்திலும் சிறப்பு நீதிமன்றத்திலும் பார்த்தவற்றையும், சட்டப் புத்தகத்தில் எழுதியிருப்பவற்றையும் அருகருகே வைத்து இக்கேள்விகளை இங்கே விளக்க முயல்கிறோம்.

சட்டம் எதிர்பார்க்கும் அதிகாரி

பட்டியல் சாதிகள் மற்றும் பட்டியல் பழங்குடிகள் (வன்கொடுமைத் தடுப்புச்) சட்டம் 1989இல் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 1995இல் வந்தன. இவ்விதிகளைப் படிக்காமலே பலர் இச்சட்டத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். பேச்சின் பெரும்பகுதி கைது, முன்பிணை ஆகிய இரண்டையே சுற்றுகிறது. ஆனால் காவல் துறை எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதற்கான வரைவு ஒன்று அந்த விதிகளுக்குள் இருக்கிறது.

விதி 7ஐ எடுத்துக்கொள்வோம். இச்சட்டத்தின் கீழான குற்றத்தைத் துணைக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலனாய்வு செய்ய வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த அதிகாரியை நியமிக்கும்போது எவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று அதே விதி தொடர்ந்து சொல்வது பலருக்குத் தெரியாது. அவருடைய கடந்த கால அனுபவம், திறமை, நீதியுணர்வு, வழக்கின் உட்பொருளைப் புரிந்துகொள்ளும் ஆற்றல் ஆகியவற்றைப் பார்த்து நியமிக்க வேண்டும் என்கிறது விதி. நடைமுறையில் அந்த உட்கோட்டத்தின் டி.எஸ்.பி. யாரோ அவரே புலனாய்வு அதிகாரி. அவருக்கு நீதியுணர்வு இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. நியமன ஆணையில் அப்படியொரு வரியைக்கூட நாங்கள் கண்டதில்லை.

விதி 13 இன்னும் தெளிவாகப் பேசுகிறது. வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளில் அமர்த்தப்படும் அதிகாரிகளும் பணியாளர்களும் பட்டியலின, பழங்குடி மக்களின் பிரச்சினைகளைப் பற்றிய சரியான மனப்பாங்கும் புரிதலும் உடையவர்களாக இருப்பதை மாநில அரசு உறுதி செய்ய வேண்டும். காவல் துறையின் எல்லா நிலைகளிலும், குறிப்பாகக் காவல் நிலைய அளவில், இம்மக்களுக்குப் போதிய பிரதிநிதித்துவம் இருக்க வேண்டும் என்றும் அவ்விதி கூறுகிறது. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இடஒதுக்கீடு இருப்பதால் காவல் துறையில் தலித் காவலர்கள் இருக்கிறார்கள். எந்த நிலையத்தில், எந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள் என்பது வேறு கேள்வி. பாராவில் நிற்பதற்கும் புகார் எழுதும் மேசையில் உட்காருவதற்கும் இடையில் உள்ள தூரம் சிறியதன்று.

ஆகவே பயிற்சி என்பது அரசு மனமிரங்கித் தரும் சலுகையாக இருக்க முடியாது. புரிதல் உள்ளவரைத்தான் அமர்த்த வேண்டும் என்று விதி சொல்லும்போது, அந்தப் புரிதலை உண்டாக்கும் கடமையும் அதற்குள் அடங்குகிறது.

புகார் எழுதும் மேசை

2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பட்டியல் சாதியினருக்கு எதிராக 57,582 குற்றங்கள் பதிவானதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கூறுகிறது. பதிவானவை மட்டுமே இவை. மனு ரசீதோடு, அதாவது சி.எஸ்.ஆர். எண்ணோடு நின்றுபோனவையும், 'பேசி முடித்துக்கொள்ளுங்கள்' என்று திருப்பி அனுப்பப்பட்டவையும் இக்கணக்கில் வரா. பதிவாகும் முன்பே எத்தனை வழக்குகள் இறக்கின்றன என்று அறிய விரும்புகிறவர், நிலைய எழுத்தரின் மேசைக்கருகில் ஒரு வாரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அம்மேசையில் நடப்பதை நீதிமன்றத்திலிருந்து பின்னோக்கிப் பார்த்தால் தெளிவாகப் புரியும். தாக்கப்பட்ட ஒருவர் வந்து, தன்னை என்ன சொல்லித் திட்டினார்கள், எங்கே நிறுத்தி அடித்தார்கள், யார் யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்று அழுகையும் ஆத்திரமுமாகச் சொல்கிறார். எழுத்தரின் கைக்கு ஒரு வாய்ப்பாடு பழகியிருக்கிறது: 'அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்தார்.' பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி), 323, 506. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் எண்கள் மாறியிருக்கின்றன; கை மாறவில்லை. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியது 'அசிங்கமான வார்த்தை' என்ற இரு சொற்களுக்குள் கரைந்துவிடுகிறது. நாங்கள் சுட்டிக்காட்டிய பிறகு 'சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்' என்று ஒரு வரி சேர்க்கப்படும். அதுவும் போதாது. என்ன சொல்லைச் சொன்னார் என்று ஆண்டுகள் கழித்து எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். சாட்சி அப்போது சொல்வதும் புகாரில் இல்லாததும் முரண்பாடாகக் காட்டப்படும்.

இச்சட்டத்தில் 'பொதுப் பார்வை' என்றொரு சொற்றொடர் உண்டு. பொதுமக்கள் பார்க்கவும் கேட்கவும் கூடிய இடத்தில் இழிவுபடுத்தியிருந்தால்தான் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) ஆகிய பிரிவுகள் பொருந்தும். வீட்டு வாசலில் நடந்தாலும் தெருவில் போகிறவர் பார்க்க முடியுமானால் அது பொதுப் பார்வையே என்று 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. நான்கு சுவர்களுக்குள், வெளியார் யாரும் இல்லாதபோது நடந்தது அப்படி ஆகாது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் கூறியது. திருச்சி மாவட்டத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், பட்டியலினத்தைச் சேர்ந்த வருவாய்த் துறை அலுவலர் ஒருவரை அவருடைய அலுவலக அறைக்குள்ளேயே சாதி சொல்லி இழிவுபடுத்தியதாகப் புகார். உடன் பணிபுரிவோர் அதன் பிறகுதான் அங்கு வந்ததாக முதல் தகவல் அறிக்கையே சொல்கிறது என்று காட்டி, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கை ரத்து செய்தது. இத்தீர்ப்புகளின் போக்கோடு நமக்கு உடன்பாடில்லை. தீண்டாமை கதவுக்கு வெளியேதான் நடக்கும் என்ற எண்ணத்தை எங்கிருந்து பெற்றார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் இவை இன்று நடைமுறையில் உள்ள சட்டம். இதை அறிந்த அதிகாரி என்ன செய்வார்? அறையின் கதவு திறந்திருந்ததா, குரல் வெளியே கேட்டதா, தாழ்வாரத்தில் காத்திருந்தவர் யார் என்பதையெல்லாம் முதல் நாளே கேட்டு எழுதுவார். பார்வை மகஜரிலும் மாதிரி வரைபடத்திலும் தெரு எங்கே, வாசல் எங்கே, சாட்சி நின்ற இடம் எங்கே, இடையில் எவ்வளவு தூரம் என்று குறிப்பார். அறியாத அதிகாரியின் வரைபடத்தில் ஒரு சதுரமும் அதற்குள் ஒரு பெருக்கல் குறியும் இருக்கும்.

இன்னொரு இடத்தைச் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் அதிகமான வழக்குகள் சரிகின்றன. கொலை, பாலியல் வன்கொடுமை போன்ற பெருங்குற்றங்களுக்கு 3(2)(வி) என்ற பிரிவு ஆயுள் தண்டனை தருகிறது. முன்பு, பாதிக்கப்பட்டவர் பட்டியலினத்தவர் என்ற 'காரணத்தினாலேயே' குற்றம் நடந்தது என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், அவர் பட்டியலினத்தவர் என்பதை 'அறிந்து' செய்தால் போதும் என்று மாற்றியது. அட்டவணையில் உள்ள பிற குற்றங்களுக்கான 3(2)(வி.ஏ.) பிரிவுக்கும் அதே அளவுகோல்தான். இதற்குத் துணையாகப் பிரிவு 8(சி) வந்தது: குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்டவரையோ அவர் குடும்பத்தையோ நேரில் தெரியும் என்றால், அவருடைய சாதியும் தெரிந்திருந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்கும், இல்லை என்று காட்ட வேண்டியது எதிர்த்தரப்பின் பொறுப்பு. எனவே புலனாய்வில் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. இருவரும் ஒரே ஊரா? அவர் நிலத்தில் இவர் வேலை செய்தாரா? ஒரே பள்ளியில் படித்தார்களா? இக்கேள்விகளுக்கான பதில்கள் வாக்குமூலத்தில் இருந்தால் 8(சி) உயிர் பெறும். ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஒரு சாலைதான் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று அதிகாரி எழுதாமல் விட்டால், நீதிமன்றத்துக்குத் தெரியாது.

யார் புலனாய்வு செய்தார் என்பதும் அப்படித்தான். மத்தியப் பிரதேச அரசு எதிர் சுன்னிலால் வழக்கில் (2009), உரிய நிலைக்குக் குறைந்த அதிகாரி செய்த புலனாய்வு இச்சட்டத்தைப் பொறுத்தவரை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பொதுச் சட்டப் பிரிவுகள் நிற்கும்; வன்கொடுமைப் பிரிவு விழும். பிழை செய்தவர் காவல் அதிகாரி. இழப்பு பாதிக்கப்பட்டவருக்கு. முதல் தகவல் அறிக்கை, குற்றப்பத்திரிகை, தண்டனை என்று நிலைகள்தோறும் வழங்க வேண்டிய தீருதவித் தொகையும் சேர்த்த பிரிவைப் பொறுத்தே அமைகிறது என்பதால், எழுத்தர் விட்டுவிட்ட ஓர் எழுத்து ஒரு குடும்பத்தின் மருத்துவச் செலவாகவும் ஆகிறது.

மேலே சொன்னவற்றில் எதற்கும் 'மனமாற்றம்' தேவைப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சாதி வெறுப்பைக் களைவது நெடிய வேலை. அதை இரண்டு மணிநேரச் சொற்பொழிவு செய்துவிடாது. ஆனால் சொன்ன சொல்லைச் சொன்னபடி எழுதுவது, எழுதியதைப் படித்துக்காட்டுவது, வரைபடத்தில் வாசலைக் குறிப்பது எல்லாம் தொழில்திறன். கைரேகை எடுக்கக் கற்றுத்தருவது போல இவற்றையும் கற்றுத்தரலாம், தேர்வு வைக்கலாம், மதிப்பெண் போடலாம். சமத்துவம் பற்றிய பொதுவான அறிவுரையாக இதைக் கரைத்துவிடுவது பயிற்சி தருகிறவர்களுக்குத்தான் எளிது. (சட்டக் கல்லூரிகள் இதைவிட மேல் என்று சொல்லவும் வழியில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் விதிகளை வகுப்பில் படித்துவிட்டு நீதிமன்றத்துக்கு வந்த இளம் வழக்கறிஞர்களை நாங்கள் அரிதாகவே சந்தித்திருக்கிறோம்.)

புதிய சட்டமும் 14 நாட்களும்

2024 ஜூலை 1 முதல் மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. அதற்கு முன்பே நாடெங்கும் காவலர்களுக்கு அவற்றில் பயிற்சி அளிக்கப்பட்டது. வகுப்புகள், கையேடுகள், கைபேசிச் செயலிகள் என்று அரசு இயந்திரம் முழு வேகத்தில் இயங்கியது. அரசு விரும்பினால் காவல் துறைக்குச் சட்டம் கற்பிக்க முடியும் என்பது இதனால் உறுதியாயிற்று. 1989ஆம் ஆண்டின் சட்டத்துக்கு இத்தகைய முனைப்பை நாம் கண்டதில்லை.

இதைவிடக் கவலைக்குரிய ஒன்று அந்தப் புதிய பயிற்சிக்குள்ளேயே இருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173(3), மூன்று ஆண்டுகள் முதல் ஏழு ஆண்டுகளுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், டி.எஸ்.பி.யின் முன்அனுமதியோடு 14 நாட்கள் முதற்கட்ட விசாரணை நடத்திவிட்டு வழக்கு பதியலாம் என்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)இல் உள்ள குற்றங்களுக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுகள் வரை தண்டனை. எண்களை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு இரண்டும் பொருந்துவதாகத் தோன்றும். சாதி சொல்லி இழிவுபடுத்துதல், பொதுக் கிணற்றையோ பாதையையோ தடுத்தல், சமூகப் புறக்கணிப்பு எல்லாம் இந்த ஐந்து ஆண்டு வரம்புக்குள் வருபவை. 14 நாட்கள் என்பது ஊர்ப் பெரியவர்களை அனுப்பிப் பேசவும், கூலி வேலையை நிறுத்தவும், சாட்சிகளைத் திருப்பவும், எதிர்ப் புகார் ஒன்றைத் தயார் செய்யவும் தாராளமான காலம்.

சட்டப்படி இந்த 14 நாட்களுக்கு இங்கே இடமில்லை. அதன் வரலாற்றை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். 2018 மார்ச் 20 அன்று சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, டி.எஸ்.பி.யின் முதற்கட்ட விசாரணை நடத்தலாம், கைதுக்கு மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்று உத்தரவிட்டது. நாடெங்கும் எழுந்த போராட்டத்துக்குப் பிறகு அதே ஆண்டு நாடாளுமன்றம் 18ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. இச்சட்டத்தின் கீழ் முதல் தகவல் அறிக்கை பதிய முதற்கட்ட விசாரணை தேவையில்லை. கைதுக்கு ஒப்புதலும் தேவையில்லை. 2019 அக்டோபர் 1 அன்று மறுஆய்வில் பழைய உத்தரவுகள் திரும்பப் பெறப்பட்டன. 2020 பிப்ரவரியில் பிரித்விராஜ் சவுகான் வழக்கில் 18ஏ செல்லும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 20, பிற சட்டங்களுக்கு மேலாக இச்சட்டத்தை நிறுத்துகிறது. புதிய சன்ஹிதாவின் பிரிவு 5ம் சிறப்புச் சட்டங்களைப் பாதிக்காது என்று சொல்கிறது. எனவே 173(3)ஐக் காட்டி வன்கொடுமைப் புகாரை நிறுத்திவைப்பது, 2018இல் தெருவில் நின்று உயிர் கொடுத்து மீட்டதைக் காவல் நிலையத்தில் சத்தமின்றி இழப்பதாகும்.

புதிய சட்டப் பயிற்சியில் 173(3) கற்பிக்கப்படும்போது, அதே மூச்சில் 18ஏ கற்பிக்கப்படுகிறதா? இதுதான் இன்று கேட்க வேண்டிய மிக அவசரமான பயிற்சிக் கேள்வி.

கவாத்து மைதானத்தின் பாடம்

சென்னை மாகாணக் காவல் துறையின் பிறப்பே ஒரு வன்முறை அறிக்கையோடு பிணைந்தது. வருவாய் வசூலிலும் காவல் பணியிலும் சித்திரவதை வழக்கமாக இருந்ததை 1855இல் ஒரு விசாரணை ஆணையம் அறிக்கையாக அளித்தது. 1859இல் சென்னை மாவட்டக் காவல் சட்டம் வந்தது. வரி வசூலிப்பவரிடமிருந்து தடியைப் பிரித்துச் சீருடை அணிந்தவரிடம் கொடுத்தார்கள். ஆணைக்குக் கீழ்ப்படியும் ஒரு படை அது. இன்றும் புதிய காவலர் முதலில் கற்பது கவாத்துதான்.

கீழ்ப்படிதல் எங்கே கொண்டுசெல்லும் என்பதற்குத் தமிழ்நாட்டில் வாச்சாத்தி ஒன்றே போதும். 1992 ஜூன் 20 அன்று, சந்தனமரத் தேடுதல் என்ற பெயரில் தருமபுரி மாவட்டத்தின் அப்பழங்குடிக் கிராமத்துக்குள் வனத் துறையினரும் காவல் துறையினரும் வருவாய்த் துறையினரும் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானார்கள். 269 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. விசாரணைக் காலத்தில் 54 பேர் இறந்துவிட, எஞ்சிய 215 பேரும் 2011 செப்டம்பர் 29 அன்று தண்டிக்கப்பட்டனர். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அத்தண்டனையை உறுதி செய்ததோடு, அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்கவும் சொன்னது. அந்த 269 பேரும் தத்தம் துறையின் பயிற்சியைப் பெற்றவர்கள்தாம். பெண்ணைத் தொடுவது குற்றம் என்று அறியாதவர்கள் அல்லர். 'இதைச் செய்ய மாட்டேன்' என்று சொல்ல எந்தப் பயிற்சியும் அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை. சட்டவிரோதமான ஆணையை மறுப்பது எப்படி, மறுத்ததை எங்கே பதிவது, மறுத்தவரை எது காக்கும் என்பது காவலர் கல்வியில் ஒரு தனிப்பாடமாக இருந்தாக வேண்டும்.

பயிற்சிப் பள்ளியில் கற்றதை நிலையம் மறக்கடிக்கும் என்பதும் உண்மை. ஊனமாஞ்சேரி காவல் உயர் பயிற்சியகத்தில் தேர்ச்சி பெற்று வரும் இளம் உதவி ஆய்வாளருக்கு நிலையத்தில் கிடைக்கும் ஆசிரியர்கள் வேறு. அடிதடி என்றால் இரு தரப்பிலும் வழக்குப் போடு, அப்போதுதான் சமரசத்துக்கு வருவார்கள் என்பது அங்கே முதல் பாடம். எதிர் வழக்கு என்பது சட்டப் புத்தகத்தில் இல்லாத, நிலையங்கள் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றிவரும் கலை. பட்டியலினத்தவர் மீது பொய்யான வழக்குத் தொடுப்பதும், அவருக்குத் தீங்கு செய்ய அரசு ஊழியரிடம் பொய்த் தகவல் தருவதும் 3(1)(பி), 3(1)(க்யூ) பிரிவுகளின்படி வன்கொடுமைக் குற்றங்களே. இப்பிரிவுகளில் பதிவான வழக்கைப் பார்த்தவர்கள் எங்களில் மிகச் சிலர்.

ஆகவே பயிற்சி வேண்டியது யாருக்கு என்றால், கருத்தரங்கில் முன்வரிசையில் அமரும் உயரதிகாரிகளைவிட நிலைய எழுத்தருக்கும், ஏட்டுக்கும், டி.எஸ்.பி. அலுவலகத்தில் கோப்பு எழுதுகிறவருக்கும்தான். பாடநூலாக விடுதலைத் தீர்ப்புகளையே வைக்கலாம். தங்கள் மாவட்டத்தில் குற்றவாளிகள் விடுவிக்கப்பட்ட வன்கொடுமை வழக்குகளை எடுத்து, எந்த இடத்தில் எந்த வரி இல்லாததால் வழக்கு விழுந்தது என்று பயிற்சியாளர்களே கண்டுபிடிக்கட்டும். ஒருவர் புகார்தாரராகப் பேச, மற்றவர் எழுத, எழுதியதை வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்யட்டும். பாதிக்கப்பட்டவர்களும், அவர்களோடு ஆண்டுக்கணக்கில் அலைந்த அமைப்பினரும் ஆசிரியர்களாக, மதிப்பூதியம் பெற்று, மேடையில் நிற்கட்டும்.

பட்டன் ஜமால் வலி வழக்கில் (2021) உச்ச நீதிமன்றம் இந்தத் திசையில் சற்றே நகர்ந்தது. பார்வையற்ற ஒரு தலித் பெண் மீதான பாலியல் வன்கொடுமை வழக்கு அது. சாதி, பாலினம், உடற்குறை மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக அழுத்தும் நிலையைத் தீர்ப்பு விரிவாகப் பேசியது. உடற்குறையுள்ள பெண்கள் பாதிக்கப்படும் வழக்குகளைக் கையாளக் காவலர்களுக்கு முறையான, தொடர்ச்சியான பயிற்சி வேண்டும் என்றும் கூறியது. ஆனால் அதே தீர்ப்பில் வன்கொடுமைச் சட்டத்தின் கீழான தண்டனை நீக்கப்பட்டது. குற்றம் திருத்தத்துக்கு முந்தையது, சாதிதான் காரணம் என்பதற்கான சான்று பதிவில் இல்லை என்பதால். சான்று ஏன் இல்லை என்று நாம் கேட்க வேண்டும். சேகரிக்க வேண்டியவர் சேகரிக்கவில்லை.

இங்கிலாந்தில் 1993இல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் இனவெறியர்களால் கொல்லப்பட்டபோதும் புலனாய்வு இப்படித்தான் சீரழிந்தது. 1999இல் வெளிவந்த மாக்ஃபெர்சன் அறிக்கை, காவல் துறை என்ற நிறுவனத்துக்குள்ளேயே இனவெறி இருக்கிறது என்றது. நமக்கு அதில் பயன்படும் பரிந்துரை ஒன்று உண்டு: ஒரு நிகழ்வை இனவெறி நிகழ்வு என்று பாதிக்கப்பட்டவரோ வேறு எவருமோ கருதினால், காவல் துறை அதை அவ்வாறே பதிய வேண்டும். இங்கே 'சாதிப் பிரச்சினை இல்லை, முன்விரோதம்' என்று புகார் தந்தவருக்கே ஆய்வாளர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கேட்டுப் பெற வேண்டியவை

தெரிந்தே செய்யாதவருக்குப் பயிற்சி மருந்தாகாது. அதற்குப் பிரிவு 4 இருக்கிறது. பட்டியலினத்தவரோ பழங்குடியினரோ அல்லாத அரசு ஊழியர் இச்சட்டப்படியான கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. 2015ஆம் ஆண்டுத் திருத்தம் அக்கடமைகள் எவை என்பதை வரிசையாக எழுதிவைத்தது: வாய்மொழிப் புகாரை எழுதிய பின் படித்துக்காட்டிக் கையொப்பம் பெறுதல், உரிய பிரிவுகளில் பதிதல், நகலை உடனே தருதல், வாக்குமூலம் பதிதல், 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை அளித்தல், ஆவணங்களைச் சரியாகத் தயாரித்தல். துறை விசாரணையின் பரிந்துரை பெற்றே குற்றச்சாட்டு பதிய வேண்டும் என்ற நிபந்தனை இப்பிரிவைப் பெருமளவு முடக்கிவைத்திருக்கிறது. ஆயினும் துறை விசாரணை கேட்டு மனு கொடுப்பதே பல நிலையங்களில் பேனாவை நகர்த்தியிருக்கிறது. 'எனக்குப் பயிற்சி இல்லை' என்ற பதில் இவ்விசாரணையில் செல்லாமல் போக வேண்டுமானால், பயிற்சி தரப்பட்டது என்பதற்கான ஆவணம் நம் கையில் இருக்க வேண்டும்.

அந்த ஆவணத்தைத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் மூலம் கேட்கலாம். பயிற்சி நிறுவனத்தின் பாடத்திட்டத்தில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு எத்தனை மணிநேரம், நடத்தியவர் யார், பிரிவுகள் 8(சி), 15ஏ, 18ஏ ஆகியவை பாடக் குறிப்பில் உள்ளனவா, நம் மாவட்டத்தில் இன்று பணியில் உள்ள டி.எஸ்.பி.க்களிலும் நிலைய எழுத்தர்களிலும் எத்தனை பேர் அதைப் பெற்றிருக்கிறார்கள் என்று தனித்தனியே கேட்க வேண்டும். கல்லூரி மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து மாவட்டத்துக்கு ஒருவராகப் பிரித்துக்கொண்டால், ஓராண்டுக்குள் மாநிலத்தின் முழுப் படம் கிடைத்துவிடும். விதி 17இன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். அதில் அரசு சாராத உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையாவது தேடிப்பிடித்துப் பயிற்சியைக் கூட்டத்தின் பொருளாக வைக்கச் சொல்லுங்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பையும் கேட்டுப் பெறுங்கள். தீருதவித் தொகைப் பட்டியலை வாசித்துவிட்டுத் தேநீரோடு முடியும் கூட்டங்களையே நாங்கள் அதிகம் அறிவோம்.

நிலையத்துக்குப் பாதிக்கப்பட்டவரைத் தனியே அனுப்ப வேண்டாம். பிரிவு 15ஏ(12), அமைப்புகள், சமூகப் பணியாளர்கள், வழக்கறிஞர்கள் ஆகியோரின் உதவியைப் பெறும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கும் அவரைச் சார்ந்திருப்போருக்கும் தருகிறது. 'நீங்கள் யார், வெளியே நில்லுங்கள்' என்றால் இந்தப் பிரிவை அச்சிட்டு நீட்டலாம். நிலையப் பொறுப்பாளர் பதிய மறுத்தால் புகாரை எழுத்து மூலமாக அஞ்சலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்ப விதி 5(3) வழி தருகிறது. 14 நாள் முதற்கட்ட விசாரணை என்று சொன்னால், அதை எழுத்தில் தரும்படி கேளுங்கள். 60 நாட்கள் கடந்தும் குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால், தாமதத்துக்கான காரணத்தைப் புலனாய்வு அதிகாரி எழுத்து மூலம் விளக்கியிருக்க வேண்டும். அந்த விளக்கத்தின் நகலைக் கேட்டு, 61ஆம் நாளே பதிவு அஞ்சலில் மனு அனுப்பிவிடுங்கள்.